திரைக்கு இந்தப் பக்கம்

கார்மோடி டாக்டர் "டி.எல்.சி." என்று சொன்னபோது மெலியாமே திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தது அவளுடைய தம்பி பெனிசிமானி. டாக்டர் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. கூட வந்த இளம் டாக்டரிடம், அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரத்தில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார். தாழ்த்த வேண்டிய அவசியமும் இல்லை. வெறும் மூன்று எழுத்து. படுத்துக் கிடப்பவனுக்கு அது ஏதோ மாத்திரையின் பெயராகவோ, அடுத்து எடுக்கப்போகிற எக்ஸ்ரேயின் பெயராகவோ தோன்றியிருக்கும். மெலியாமேக்குத் தெரியும். எழுத்துகளைப் பிரித்தால் இதமும் அன்புமான கவனிப்பு என்று அழகாகத்தான் வரும். ஆஸ்பத்திரியில் அதற்குப் பொருள் வேறு. இனி மருந்து கிடையாது, வலிக்கு மட்டும் ஊசி போடுங்கள், கேட்டதைச் சாப்பிடக் கொடுங்கள், சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றவர்களுடைய கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை அவள் அதை விரித்துச் சொல்லியிருக்கிறாள். இன்று கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன.

டோங்கா நாட்டுத் தலைநகர் நுகுஅலோஃபாவில் அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வரும்போதெல்லாம் அவர்களுடைய பேச்சை டோங்கா மொழியில் மாற்றிச் சொல்வது மெலியாமேயின் வேலை. தலைமுடி கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவள். சும்மா சொல்லக்கூடாது, அவளைப்போல அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது. டாக்டர்கள் என்றாலே சுருக்கம்தான். சொற்களுக்கு ரேஷன் போட்டதுபோல இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று உதிர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள்தான் ஒவ்வொன்றையும் பிரித்து, ஊறவைத்து, நோயாளிக்குத் தொண்டையில் சிக்காமல் ஊட்டவேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் வாயில் எதுவும் படக்கூடாது என்பதற்கு டாக்டர்கள் 'என்.பி.எம்.' என்பார்கள். அவள் சொல்வாள்: "நாளைக்குக் காலையில தண்ணிகூடக் கூடாது. கிழங்கு கூடாது, இளநி கூடாது. உங்க அத்தை வந்து அழுது ஊட்டினாலும் வாயைத் திறக்கக்கூடாது." கார்மோடி டாக்டர் சிரிப்பார். "நான் மூணே மூணு எழுத்து சொன்னேன் மெலியாமே. நீ மூணு நிமிஷம் பேசுற. நடுவுல உங்க வீட்டுக் கதையும் சொல்றியா?" என்பார். "உங்க எழுத்துக்குள்ள அவ்வளவு அடைச்சு வச்சிருக்கீங்க டாக்டர், நான் என்ன பண்ணட்டும்?" என்று அவளும் விடமாட்டாள். இந்தப் பேச்சை வார்டே ரசிக்கும். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் மார்ச் மாதத்தில் அவளை அந்தத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

மார்ச்சில் டாக்டர் வந்திருந்தபோது, ஆண்களுக்கு மொழிபெயர்க்கிற ஆண் நர்ஸ் லொபெட்டி ஊரில் இல்லை. மாமன் செத்ததால் படகேறித் துக்கத்துக்குப் போயிருந்தான். மூத்திரக் கோளாறுக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனாகப் பெனிசிமானி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததுமே அவளுக்குத் திக்கென்றது. அக்காளும் தம்பியும் ஒரு அறைக்குள் இருந்து பேசக்கூடிய நோய்க்கு அந்த வரிசையில் யாரும் உட்காருவதில்லை. மீசை அரும்பியதும் பெனி கொல்லைப்புறக் குடிசைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவன். அன்றிலிருந்து அவள் அறைக்குள் ஒரு கால் வைத்ததில்லை. டிவியில் கட்டிப்பிடிக்கிற காட்சி வந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்கள். அவள் எதிரே யாராவது அசிங்கமாக ஒரு ஜோக் அடித்துவிட்டால், அடித்தவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் பெனி சட்டையைப் பிடித்துவிடுவான். அந்த ஊரில் அக்காளுக்குத் தம்பி காட்டுகிற மரியாதை அது. இதற்காகப் பாசமில்லை என்று யாராவது சொன்னால் வாயிலேயே போடவேண்டும். ஒவ்வொரு வருஷமும் தோட்டத்தில் பிடுங்குகிற முதல் வள்ளிக்கிழங்கு அவள் வீட்டுப் படிக்கு வந்துவிடும். வாசலில் வைத்துவிட்டு, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் போய்விடுவான். அவள் கதவைத் திறக்கும்போது முதுகுதான் தெரியும்.

அன்று அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவன் என் தம்பி, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று. ஆனால் டாக்டர் அன்று சாயங்காலம் பிரிஸ்பேன் விமானம் ஏறிவிடுவார், மறுபடி அக்டோபரில்தான் வருவார். வேறு யாரைக் கூப்பிடுவது? கூட்டிப் பெருக்குகிறவனையா? நோய்ப்பேர் ஒன்றைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் வந்து நின்று தம்பியின் நோயைக் குதறிவைப்பதா? நானே சொல்கிறேன், திரைக்கு வெளியே நின்றுகொண்டால் போதும் என்று நினைத்தாள். நின்றாள். உள்ளே டாக்டர், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் 'சி.ஏ.', அதாவது புற்றுநோய் என்றார். அவள் கட்டி என்றாள். அது எலும்புக்குப் பரவுகிற ஜாதி, அதற்குத் தீனி போடுகிற விதை இரண்டையும் எடுத்துவிட்டால் பல வருஷம் ஓட்டலாம், சுலபமான ஆபரேஷன், நாளைக்கே உள்ளூர் டாக்டர் செய்துவிடுவார் என்றார். அந்த இரண்டையும் அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? "கீழ ஒரு சின்ன ஆபரேஷன். பண்ணிக்கிட்டா நல்லது" என்றாள். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று தம்பியின் குரல் கேட்டது. டாக்டருக்கு அதை மாற்றிச் சொன்னாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது அக்டோபர். எலும்பெல்லாம் பரவி, முதுகுத்தண்டை அமுக்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை லொபெட்டி இருந்தான். அவன்தான் உள்ளே நின்று மொழிபெயர்த்தான். மெலியாமேக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள், மூன்று எழுத்தைக் கேட்டாள்.

டாக்டர்கள் நகர்ந்ததும் லொபெட்டி திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தான். வழக்கமாக வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன், அன்று தரையைப் பார்த்துப் பேசினான்.

"கேட்டீங்கள்ல?"

"ம்."

"நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல. சாயங்காலமா மெதுவா உக்காந்து சொல்றேன். பாதிரியாரும் வந்துடட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. இது என் வேலை."

அவன் சொன்னது நியாயம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வராந்தா வரைக்கும் போயும்விட்டாள். அங்கே பெனியின் மனைவி லெசியெலி வந்துகொண்டிருந்தாள். கையில் ஈயத்தாளில் சுற்றிய லூ. சேம்பிலையும் தேங்காய்ப்பாலும் வெந்த வாசனை வராந்தா முழுக்க அடித்தது. நாத்தனாரைப் பார்த்ததும் லெசியெலியின் முகம் மலர்ந்தது. பாவம், நேற்றிலிருந்து அவள் இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தாள்.

"அண்ணி, டாக்டர் பாத்துட்டாரா? எப்பவாம்?"

"எது எப்ப?"

"அந்த ஆபரேஷன்தான். மார்ச்ல சொன்னாரே, சின்ன ஆபரேஷன்னு. இவருதான் 'சின்னதுதானே, என்ன அவசரம், கிழங்கு பிடுங்கி முடிக்கட்டும்'னு இழுத்துட்டாரு. நானும் சின்னதுதானேன்னு விட்டுட்டேன். இப்பப் பண்ணிட்டா எந்திரிச்சு நடந்துருவார்ல?"

 சின்னது. மெலியாமேயின் வாயிலிருந்து போன வார்த்தை, தம்பி வீட்டு அடுப்படியில் இத்தனை மாதம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. அந்த வார்த்தையை நம்பி ஒரு மனுஷன் கிழங்கு பிடுங்கப் போயிருக்கிறான். நான்தான் கொன்றேன் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பட்டமாகச் சொல்லியிருந்தால் பயந்தாவது படுத்திருப்பான். வெட்கம் பார்த்தேன், அவன் உயிரைப் பறிகொடுத்தேன். லெசியெலியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு ஃபோன் போடு. ஆக்லாந்துல இருக்கிறவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றாள். லெசியெலியின் மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பியது.  இடுப்பில் புடவைபோலக் கட்டியிருந்த துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பலாமரத்தடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மெலியாமே திரும்பி வந்தாள். லொபெட்டியிடம், "நான் சொல்றேன்" என்றாள்.

"அக்கா, வேணாம். நீங்க எப்படி..."

"போன தடவை மறைச்சுச் சொன்னது நான். முழுசாச் சொல்ல வேண்டியதும் நான்தான்."

 லொபெட்டி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து திரைக்கு வெளியே போட்டுவிட்டு, வார்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். மத்தியான நேரம். மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் ஒன்று தூங்கினார்கள், இல்லை தூங்குவதுபோல் கிடந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. அதன் காற்றுக்குத் திரை மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது. கீழ் விளிம்புக்கு அடியில் கட்டிலின் இரும்புக்கால் மட்டும் தெரிந்தது.

"பெனி."

உள்ளே ஒரு அசைவு. "அக்காவா? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ எப்படி இருக்க?"

"இப்பத்தான் ஜன்னல் பக்கமா ஒருக்களிச்சுப் போட்டுட்டுப் போனாங்க. மாமரம் தெரியுது. காய் நிறைய விட்டிருக்கு."

அவள் கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்தச் செய்தியைச் சொல்ல அவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் கடவுள், பிறகு குடும்பம், பிறகு டாக்டர்களின் முயற்சி, கடைசியில்தான் நோய். சுற்றிச் சுற்றிப் போய் வாசலில் நிறுத்துவாள். இன்று அந்தச் சுற்றுவழி எல்லாம் அடைத்துக்கொண்டது.

"டாக்டர் மூணு எழுத்து சொன்னாரு. அதுக்கு அர்த்தம், இனிமே உனக்கு மருந்து இல்லங்கிறது. வலி தெரியாமப் பாத்துக்குவாங்க. நடக்க முடியாது. கொஞ்ச நாள்தான் பெனி. வீட்டுக்குப் போகணும்னா போகலாம். லெசியெலிகிட்ட பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லிட்டேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று நிறுத்தாமல் சொன்னாள். "மார்ச்ல நான் சின்ன ஆபரேஷன்னு சொன்னேன். அது சின்னதில்ல. உனக்கு அது உயிரு. நான் மூடி மூடிச் சொன்னதுல நீ ஏமாந்துட்ட. என்னை மன்னிச்சுரு."

விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள்.  பெனியின் பதில் வந்தபோது அந்தக் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. விருந்தாளியைச் சமாதானப்படுத்துகிற குரல்போல இருந்தது.

"நான் ஏமாறல அக்கா. எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. நீங்க வெளிய நின்னீங்க, பாத்திருக்க மாட்டீங்க. டாக்டர் ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி காட்டினாரு. நான் பன்னி வளக்கிறவன். எனக்குத் தெரியாதா?"

மெலியாமேக்கு முகம் சுட்டது. அக்காளும் தம்பியும் அந்த விஷயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது இதுவே முதல் தடவை.  பிறகு அவள்தான் கேட்டாள். "தெரிஞ்சும் ஏன்டா பண்ணிக்கல?"

"ஒன்னு கேக்க வேண்டியிருந்துச்சு."

"என்ன?"

"டாக்டர்கிட்ட. அதுக்கப்புறம் லெசியெலிக்கு நான்..." அவன் அதை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. "வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நான் கேட்டா அது உங்க வாய் வழியாத்தானே டாக்டருக்குப் போகணும். உங்க வாய்ல அந்த வார்த்தையா? அதான் யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்."

"என்னைப் போகச் சொல்லியிருக்கலாமே பெனி. நான் போயிருப்பேனே."

"அக்காவைப் போங்கன்னு தம்பி எப்படிச் சொல்றது?"

அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. வானம் மேலே இருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.  இவ்வளவு நேரமும் மெலியாமே 'சின்னது' என்கிற ஒரு வார்த்தையைத் தூக்கிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். தப்பு வார்த்தையில் இல்லை. அவள் அங்கே நின்றதுதான் தப்பு. அவள் எவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தாலும், எவ்வளவு அப்பட்டமாகச் சொல்லியிருந்தாலும், நின்றவள் அவள். நகர வேண்டியவளும் அவள்தான். நகர்த்துகிற உரிமை தம்பிக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"லொபெட்டி வந்ததும் அவன்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"வந்தேனே. மே மாசம் ஒரு நாள். அவனைத் தேடித்தான் வந்தேன். வாசல்ல நீங்க நின்னுட்டிருந்தீங்க. எங்க வந்தன்னு கேட்டா என்ன சொல்றது? நல்ல வேளை, சந்தைக்குன்னு ஒரு மூட்டை கிழங்கு வண்டியில கிடந்துச்சு. படியில இறக்கி வச்சிட்டுத் திரும்பிட்டேன்."

அந்த மூட்டையை அவளுக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததா! அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. தொடை தொடையாகக் கிழங்கு. நர்ஸ்களை, மருந்து கட்டுகிறவர்களை, கார் ஓட்டுகிறவனை எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தாள். "என் தம்பி கொண்டாந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கான் பாருங்க. இப்படி ஒரு தம்பி யாருக்கு இருக்கான் சொல்லுங்க" என்று பீற்றிக்கொண்டாள். படியிறங்கிப் போகிற அவன் முதுகைப் பார்த்து, தெருவே கேட்க, "நடையைப் பாரு, ராஜா மாதிரி" என்று சிரித்ததும் ஞாபகம் வந்தது. அப்போது அவன் நடந்தான். அப்போது அந்தக் கால்கள் நடந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே அழுகை சத்தமில்லாமல் வந்தது.

"அழறீங்களா அக்கா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க. கிழங்கு எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"மாவா இருந்துச்சு" என்றாள். "இனிப்பா இருந்துச்சு."

"அது மேக்கு வரப்புக்கிட்ட போட்டது. அங்க மண்ணு நல்லா இருக்கும்." அவன் குரல் கொஞ்சம் தெளிந்தது. "இந்த வருஷம் அதுல பாதிதான் நட்டிருக்கேன். குழி எல்லாம் வெட்டியாச்சு. விதைக்கிழங்கு கொட்டகையில கிடக்கு. பெரியவன் வந்தான்னா சொல்லணும், துண்டோட வெட்டுவாய் மேல பாத்து வைக்கணும்னு. அவனுக்குத் தெரியாது. ஆக்லாந்துல அவன் எங்க மண்ணைப் பாத்தான்?"

காற்றில் திரை ஒரு பக்கமாக விலகியது. மெலியாமே நிமிர்ந்து பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தான். எலும்பெல்லாம் எண்ணிவிடலாம்போல இருந்தது அந்த முதுகு. போர்வை விலகி, பாதம் இரண்டும் வெளியே கிடந்தன. தோட்டத்துச் செம்மண் வெடிப்புக்குள் ஏறி, எத்தனை தேய்த்துக் கழுவியும் போகாத பாதம். அவள் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். எழுந்தாள். திரைக்குள் போய், தனக்குப் பின்னால் அதை இழுத்து மூடினாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நொடி அவன் மூச்சு நின்று வந்தது. தலையைத் திருப்பவில்லை. மாமரத்தைப் பார்த்தபடியே மறுபடி பேசத் தொடங்கினான், கிழக்குப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்றும் அங்கே குழியை மேடாக்கித்தான் நடவேண்டும் என்றும். மெலியாமே கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்றிருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அந்தக் காலில் உணர்ச்சி இல்லை, அவனுக்குத் தெரியப்போவதில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் ஒவ்வொரு வரப்புக்கும் "ம்" கொட்டிக்கொண்டு, வெடிப்பில் ஏறியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.